மருத்துவக் கல்லூரி வாயிலில் உடை

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. சிங்கப்பூரில் மருத்துவம் பயில விரும்பும் மாணவர் ஆண்டுதோறும் இப்பழமொழியின் எதிரே நின்று கலங்குகின்றனர். பள்ளித் தேர்வில் சிறந்த மதிப்பெண் பெற்றாயிற்று. தகுதித் தேர்வும் எழுதியாயிற்று. எஞ்சியிருப்பது நேர்காணல் ஒன்றே. அந்நாளில் எதை உடுத்துச் செல்வது? கோட்டும் கழுத்துப்பட்டியுமா? சாதாரணச் சட்டையும் கால்சட்டையுமா? தமிழ்ப் பெண்ணாயின் சேலையா, சல்வாரா, ஐரோப்பியப் பாங்கான பாவாடையா? தாய் ஒன்று சொல்வாள். தமையன் வேறொன்று சொல்வான். சிராங்கூன் சாலைத் துணிக்கடைக்காரர் தம்மிடம் உள்ளதையே சிறந்தது என்பார்.

மேலோட்டமாகப் பார்ப்போர்க்கு இஃது ஓர் அற்பச் செய்தியாகத் தோன்றலாம். ஆனால், இக்கேள்விக்குப் பின்னே ஒன்றரை நூற்றாண்டு வரலாறு உண்டு. மருத்துவன் எந்த மக்களைச் சேர்ந்தவன்? கற்றபின் அவன் அம்மக்களிடம் திரும்பிச் செல்வானா? அவன் உடையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கு உரியது? யாழ்ப்பாணத்திலும் அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் இவ்வினாக்கள் வெவ்வேறு காலங்களில் எழுந்துள்ளன. அவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால் இன்றைய மாணவனுக்கும் மாணவிக்கும் ஒரு வழி புலப்படும்.

முன்னோர் வகுத்த இலக்கணம்

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தின் உறுப்புகளை நான்காக வகுக்கிறது. நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து அதனை அளிப்பவன் என்பன அவை. மருத்துவனின் கோலம் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. 13 ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் மாணாக்கரைத் தரம் பிரிக்கிறது. அன்னமும் பசுவும் போன்றோர் தலை மாணாக்கர். மண்ணும் கிளியும் போன்றோர் இடை மாணாக்கர். ஓட்டைக்குடம், ஆடு, எருமை, பன்னாடை போன்றோர் கடை மாணாக்கர். கற்பதைப் பற்றிக்கொள்ளும் தன்மையே அங்கு அளவுகோல். உடுத்த துணி அளவுகோல் அன்று.

எனினும் மருத்துவ நூலார் உடையை முற்றும் புறக்கணித்தாரல்லர். வடமொழியில் அமைந்த சுசுருத சங்கிதை, நோயாளியின் இல்லம் செல்லும் மருத்துவன் நகமும் மயிரும் குறைத்துத் தூயவனாய், வெள்ளுடை உடுத்து, குடையும் கோலும் மிதியடியும் கொண்டு செல்ல வேண்டும் என்று கூறுகிறது. கிரேக்க மருத்துவர் ஹிப்போகிராட்டீசின் பெயரால் வழங்கும் நூல்களுள் ஒன்றும், மருத்துவன் உடல் தூய்மையும் நல்ல உடையும் உடையவனாக இருத்தல் வேண்டும் என்கிறது. இரு நாட்டு நூல்களும் ஒன்றுபடும் இடம் கருதத்தக்கது. உடை நோயாளியின் மனத்தில் நம்பிக்கை விளைப்பதற்காகவே. மருத்துவனின் செல்வத்தைக் காட்டுவதற்கு அன்று.

கறுப்பும் வெள்ளையும்

ஐரோப்பிய மருத்துவரின் உடை நெடுங்காலம் கறுப்பாகவே இருந்தது. அறுவை செய்யும்போதுகூட அவர்கள் தங்கள் கறுப்புக் கோட்டைக் களைவதில்லை. 1867 இல் ஜோசப் லிஸ்டர் கிருமி தடுக்கும் அறுவை முறையை வெளியிட்ட பின்னரே இவ்வழக்கம் மெல்ல மாறலாயிற்று. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து ஓவியர் தாமஸ் ஏக்கின்ஸ் தீட்டிய இரண்டு ஓவியங்கள் இம்மாற்றத்திற்குச் சான்று பகர்கின்றன. 1875 இல் அவர் தீட்டிய ஓவியத்தில் அறுவை மருத்துவர் கிராஸ் கறுப்புக் கோட்டுடன் நிற்கிறார். 1889 இல் தீட்டிய ஓவியத்தில் மருத்துவர் அக்னியூவும் உதவியாளரும் வெள்ளுடை அணிந்துள்ளனர். பதினான்கு ஆண்டுகளில் மருத்துவனின் நிறமே மாறிவிட்டது.

இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகும். மருத்துவனுக்கு ‘உரிய’ உடை என்று என்றும் மாறாத ஒன்று இருந்ததில்லை. ஒரு தலைமுறை மதிப்பின் அடையாளமாகக் கொண்ட கறுப்புக் கோட்டை அடுத்த தலைமுறை அழுக்கின் இருப்பிடமாகக் கண்டது.

மானிப்பாயில் எழுந்த கேள்வி

தமிழ் மாணவர் மேனாட்டு மருத்துவம் கற்கப் புகுந்தபோது என்ன உடுத்துவது என்ற கேள்வி முதன்முதல் எழுந்த இடங்களுள் ஒன்று யாழ்ப்பாணத்து மானிப்பாய். 1822 இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவமனை நடத்தித் தமிழ் இளைஞருக்கு மருத்துவம் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். பின்னர்த் தாமே தமிழ் கற்று, 1864 முதல் தமிழிலேயே பாடம் நடத்தினார். உடலியல், அறுவை, மகப்பேறு, வேதியியல் ஆகிய துறைகளில் அவரும் அவர்தம் மாணவரும் ஆக்கிய தமிழ் நூல்கள் ஏறத்தாழ 4,500 பக்கங்கள் கொண்டவை. அவரிடம் பயின்றோர் அறுபதுக்கு மேற்பட்டவர். அவருள் முப்பத்து மூவர் தமிழ்வழிப் பயின்றோர்.

கிறீன் தமிழுக்கு மாறியதன் காரணம் நோக்கத்தக்கது. ஆங்கிலத்தில் பயின்றோர் அரசாங்க உத்தியோகத்தை நாடி ஊரைவிட்டு அகன்றனர். சிற்றூர்களில் நோயால் வாடிய மக்கள் முன்போலவே வாடினர். தமிழில் பயின்றோர் தம் ஊரிலேயே தங்குவர் என்று அவர் கருதினார். இதே நோக்குடன்தான் உடையையும் கண்டார். தம் மாணவர் தொப்பியும் கால்சட்டையும் பூண்டு, ஐரோப்பியர் போல் வாழ முற்படுவதை அவர் விரும்பவில்லை. மருத்துவன் தன் மக்களிடமிருந்து தோற்றத்தால் பிரிந்தால் மனத்தாலும் பிரிந்துவிடுவான் என்பது அவர் அச்சம். சமயம் பரப்ப வந்த அவர், தம் மாணவர் கிறிஸ்தவராதலை விரும்பினாரேயன்றி ஐரோப்பியராதலை விரும்பினாரல்லர்.

கிறீனின் எண்ணம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் மாணவரின் பக்கத்தையும் எண்ணிப் பார்த்தல் நடுவுநிலையாகும். ஆங்கிலேயர் ஆட்சியில் கால்சட்டைக்குக் கிடைத்த மதிப்பு வேட்டிக்குக் கிடைக்கவில்லை. அலுவலகத்து நாற்காலியும் உயர்ந்த ஊதியமும் பெரும்பாலும் ஐரோப்பிய உடையைப் பின்தொடர்ந்து வந்தன. அந்நிலையில் ஓர் ஏழை இளைஞன் கால்சட்டை அணிய விரும்பியது வெறும் பகட்டு ஆகாது. தன்னைச் சமமாக நடத்தும்படி கேட்கும் ஒரு வழியும் ஆகும். ‘உன் உடையை விடாதே’ என்று அவனுக்குச் சொன்னவரோ, ஐரோப்பிய உடையில் வளர்ந்த ஓர் அமெரிக்கர். நல்ல நோக்கத்துடன் இடப்பட்ட கட்டளையும் கட்டளையே.

ஆனந்திபாயின் முடிவு

இதே கேள்வியைத் தானே எழுப்பித் தானே விடை கண்டவர் ஆனந்திபாய் ஜோஷி. 1865 இல் மராட்டிய நாட்டில் கல்யாண் என்னும் ஊரில் பிறந்த இவர், ஒன்பதாம் வயதில் மணம் முடிக்கப்பட்டார். பதினான்காம் வயதில் பெற்ற குழந்தை சில நாளிலேயே இறந்தது. பெண்களுக்குப் பெண் மருத்துவர் வேண்டும் என்ற உறுதி அத்துயரிலிருந்து வலுப்பெற்றது. 1883 இல் கல்கத்தாவிலிருந்து கப்பலேறி, பிலடெல்பியாவில் இருந்த பென்சில்வேனியப் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். இந்துவாகவே சென்று இந்துவாகவே திரும்புவதாகப் புறப்படுமுன் பொது அவையில் அவர் உறுதி கூறினார். உணவும் உடையும் அவ்வுறுதியில் அடங்கும்.

ஆனால் நடைமுறை இடர் ஒன்று இருந்தது. மராட்டியப் பெண்டிர் உடுத்தும் ஒன்பது கெசச் சேலை கால்களுக்கு இடையே கொண்டுசென்று பின்னால் செருகப்படுவது. அதனால் கெண்டைக்கால் வெளியே தெரியும். பிலடெல்பியாவின் குளிருக்கு அது பொருந்தாது. அந்நாட்டு வழக்கும் கால் தெரிய உடுத்துவதை நாணமற்ற செயலாகக் கருதியது. ஆனந்திபாய் சேலையைக் கைவிடவில்லை. ஐரோப்பியக் கவுனுக்கும் மாறவில்லை. கால் முழுவதும் மறையும் குசராத்தி முறையில் சேலை உடுத்தும் வழக்கத்தை மேற்கொண்டார். தன் நாட்டின் உடை, கல்லூரியின் தேவை, ஊரின் தட்பவெப்பம் ஆகிய மூன்றிற்கும் ஒரே முடிவில் இடமளித்தார்.

1885 அக்டோபர் 10 ஆம் நாள் அக்கல்லூரியில் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படம் உலகெங்கும் அறியப்பட்டது. அதில் சேலையுடன் ஆனந்திபாயும், கிமோனோவுடன் சப்பானியப் பெண் ஒகாமி கேயியும், தம் நாட்டு உடையில் சிரியப் பெண் சபாத் இஸ்லாம்பூலியும் அமர்ந்துள்ளனர். 1886 மார்ச்சில் ஆனந்திபாய் பட்டம் பெற்றார். தாயகம் திரும்பிய சில மாதங்களில், 1887 பிப்ரவரி 26 இல், இருபத்திரண்டு வயது நிறையுமுன் மறைந்தார். நோயாளிக்கு மருந்து எழுதும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. ஆனால் உடுப்பவரே உடையைத் தீர்மானிக்கலாம் என்பதற்கு அவர் ஒரு முன்மாதிரியானார்.

சிப்பாய் லைன்ஸில் ஒரு கல்லூரி

சிங்கப்பூர் மருத்துவத்தின் வரலாற்றில் தமிழர் பெரிதும் வாழ்ந்த பகுதிக்கும் இடமுண்டு. இன்று லிட்டில் இந்தியா எனப்படும் பகுதியின் ஓரத்திலுள்ள கண்டாங் கெர்பாவ் என்னும் பெயருக்கு மலாய் மொழியில் ‘எருமைப் பட்டி’ என்பது பொருள். 19 ஆம் நூற்றாண்டில் பொது மருத்துவமனை அங்கே இயங்கியது. 1882 இல் சிப்பாய் லைன்ஸில் புதிய மருத்துவமனை அமைந்தது. இந்தியச் சிப்பாய்களின் குடியிருப்பு இருந்தமையால் அவ்விடம் அப்பெயர் பெற்றது. கண்டாங் கெர்பாவிலோ 1924 இல் மகப்பேற்று மருத்துவமனை தொடங்கப்பெற்று, 1966 ஆம் ஆண்டில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்த இடமாக உலகச் சாதனை படைத்தது.

உள்ளூர் மருத்துவர் வேண்டும் என்று டான் ஜியாக் கிம் தலைமையில் வணிகப் பெருமக்கள் 1904 இல் ஆளுநரிடம் விண்ணப்பம் செய்தனர். அரசாங்கம் 71,000 வெள்ளி திரட்டுமாறு கேட்டது. மக்களோ 87,077 வெள்ளி திரட்டினர். அதில் 12,000 வெள்ளி டான் ஜியாக் கிம் ஒருவரே அளித்தது. 1905 ஜூலை 3 ஆம் நாள், சிப்பாய் லைன்ஸில் பெண்கள் மனநோய் மருத்துவமனையாக இருந்த பழைய கட்டடத்தில் 23 மாணவருடன் கல்லூரி தொடங்கியது. 1910 இல் முதல் அணியினர் எழுவர் தேறினர். அபினி ஒழிப்புக்கு உழைத்த சென் சூ லான் அவருள் ஒருவர். பிற்காலத்தில் ஏழாம் எட்வர்ட் மன்னர் பெயர் தாங்கிய அக்கல்லூரி 1949 இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இணைந்தது. 2005 இல் யோங் லூ லின் மருத்துவப் பள்ளி என்னும் பெயர் பெற்றது. சிங்கப்பூரில் புற்றுநோய்ப் பதிவகத்தை நிறுவிய நோயியல் அறிஞர் கனகரத்தினம் சண்முகரத்தினம் இங்குப் பயின்று இங்கேயே பேராசிரியராக விளங்கியவர்.

அந்நாளில் இந்நகரில் படித்தோரும் உத்தியோகத்தரும் விரும்பி அணிந்தது வெள்ளை டிரில் துணியாலான உடை. கழுத்துவரை பித்தானிட்ட அதன் மேற்சட்டையை, ‘மூடியது’ எனப் பொருள்படும் ‘தூத்தூப்’ என்ற மலாய்ச் சொல்லால் வழங்கினர். கம்பளிக் கோட்டுக்கு இவ்வூர் வெயில் இடம் தராது. உள்ளே சட்டையோ கழுத்துப்பட்டியோ இல்லாவிடினும் தூத்தூப் அணிந்தவன் மதிப்புடன் தோன்றுவான். ஆகவே எளிய வருவாயினர்க்கும் அஃது ஏற்றதாயிற்று. அவ்வெண்மைக்குப் பின்னே இந்தியச் சலவைத் தொழிலாளரின் உழைப்பு இருந்தது. அவர்கள் துணி வெளுத்த நீர்த்துறையே இன்று டோபி காட் என்னும் பெயரில் தொடர்வண்டி நிலையமாக நிற்கிறது. வெள்ளுடை உடுத்த இளைஞனின் மதிப்பு, அதை வெளுத்துத் தந்தவனின் கைகளிலிருந்து வந்தது என்பதை மறத்தலாகாது.

உடை மட்டுமன்றி முடியும் அந்நாளில் பெருங் கேள்வியாக இருந்தது. எடின்பரோவில் 1892 இல் மருத்துவப் பட்டம் பெற்றுத் திரும்பிய லிம் பூன் கெங், சீன ஆடவர் பின்னிய நீண்ட சடையை நீக்க வேண்டும் என்று அந்நூற்றாண்டின் இறுதியில் இயக்கம் நடத்தினார். சடை அடிமைத்தனத்தின் அடையாளம் என்பது அவர் கட்சி. சடையை நீக்குவது முன்னோரை மறப்பது என்பது எதிர்ப்போர் கட்சி. ஒரு மருத்துவர் தம் மக்களின் தோற்றத்தை மாற்ற முனைந்தபோது எத்தகைய பூசல் எழும் என்பதை இந்நகரம் அன்றே கண்டது.

அதே 1905 ஆம் ஆண்டில்தான் தமிழகத்திலிருந்து பதினெட்டு வயது இளைஞராக வந்து இறங்கினார் கோவிந்தசாமி பிள்ளை. பின்னாளில் சிராங்கூன் சாலையில் மளிகைக் கடையும் துணிக்கடையும் நடத்திப் பெருவணிகராகிக் கோயிலுக்கும் அறப்பணிக்கும் வாரி வழங்கினார். சேலையும் வேட்டியும் சட்டைத்துணியும் தேடுவோர் இன்றும் அச்சாலைக்கே வருகின்றனர். கேம்பல் சந்தில் 1971 இல் சிறு ஆயத்த ஆடைக் கடையாகத் தொடங்கிய முஸ்தபா நிறுவனம் இன்று பேரங்காடியாக வளர்ந்து நிற்கிறது.

உடை மறைத்ததும் மறைக்க முடியாததும்

பெண்கள் மருத்துவம் பயில முற்பட்ட வரலாற்றில் உடை விந்தையான பங்கு கொண்டது. ஜேம்ஸ் பாரி என்பவர் 1809 இல் எடின்பரோவில் சேர்ந்து 1812 இல் பட்டம் பெற்று, ஆங்கிலப் படையில் உயர் மருத்துவராக விளங்கினார். 1865 இல் இறந்த பின்னரே அவர் பெண்ணாகப் பிறந்தவர் என்பது வெளிப்பட்டது. பெண்ணுடையில் நுழைய முடியாத வாயிலில் ஆணுடையில் நுழைந்த வரலாறு அது. அதே நகரில் 1870 நவம்பர் 18 ஆம் நாள், தேர்வு எழுதச் சென்ற பெண் மாணவர்மீது கூட்டத்தார் சேற்றை வாரி இறைத்தனர். எவ்வளவு ஒழுங்காக உடுத்தியிருந்தாலும் அச்சேற்றிலிருந்து அவர்கள் தப்பியிருக்க முடியாது. உடையிலன்று, அவர்கள் பெண்களாக இருந்ததிலேயே அக்கூட்டம் குற்றம் கண்டது.

சிங்கப்பூரில் இத்தகைய வன்செயல் நிகழவில்லை. ஆயினும் 1979 முதல் மருத்துவப் படிப்பில் பெண்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேரலாகாது என்ற வரம்பு இருந்தது. மணமான பெண்கள் தொழிலை விட்டு விலகுவர் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். 2003 இல் அவ்வரம்பு நீக்கப்பட்டது. அவ்விடைக்காலத்தில் நேர்காணலுக்குச் சென்ற பெண் எவ்வுடை உடுத்தினாலும் அவ்வரம்பை மாற்றியிருக்க இயலாது. ஒருவரின் தோல்விக்கு உடையே காரணம் என்று வருந்துவோர் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று.

தேர்வாளர் காண்பது என்ன?

உடை தேர்வாளரின் மனத்தைத் தொடாது என்று கூறவும் இயலாது. ஒருவரின் ஒரு பண்பு நன்றாகத் தோன்றினால் பிற பண்புகளும் நன்றாகவே தோன்றும் என்பதை உளவியலார் எட்வர்ட் தார்ண்டைக் 1920 இல் எடுத்துக் காட்டினார். இக்குறையைக் குறைக்கும் வழிகளை மருத்துவக் கல்லூரிகள் நாடின. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் வகுத்து 2004 இல் வெளியிட்ட பன்முகக் குறு நேர்காணல் அவற்றுள் ஒன்று. மாணவர் ஒரே குழுவின்முன் நெடுநேரம் அமர்வதில்லை. பல நிலையங்களுக்குச் சென்று, ஒவ்வொன்றிலும் வேறொரு தேர்வாளர்முன் சில நிமிடம் ஒரு சிக்கலைப் பற்றிப் பேசுவர். ஒருவரின் முதற்பார்வை முழு முடிவையும் ஆட்கொள்ள முடியாது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லீ கொங் சியான் மருத்துவப் பள்ளி இம்முறையைக் கையாள்கிறது.

மருத்துவமனையின் உடைநெறியும் மாறிவருகிறது. இங்கிலாந்தின் அரசு மருத்துவத் துறை 2007 இல் வகுத்த நெறிப்படி, நோயாளியைத் தொடுவோர் முழங்கைக்குக் கீழே துணியோ கைக்கடிகாரமோ அணியலாகாது. கையை நன்கு கழுவுவதற்கு அவை தடை என்பதே காரணம். நீண்ட கையுடைய கோட்டு ஒருகாலத்தில் மருத்துவனின் மதிப்பு. இன்று அதுவே ஐயத்துக்கு உரியது. ஏக்கின்ஸ் ஓவியங்கள் காட்டிய மாற்றம் மீண்டும் ஒருமுறை நிகழ்ந்துள்ளது.

சிங்கப்பூரில் மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. பொது மருத்துவமனைகளில் சீருடை அணியும் முஸ்லிம் தாதியர் விரும்பினால் தலையை மூடும் தூடோங் அணியலாம் என்று 2021 ஆகஸ்டில் பிரதமர் லீ சியென் லூங் அறிவித்தார். அவ்வாண்டு நவம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பல்லாண்டு எண்ணிப் பார்த்து எட்டிய முடிவு அது. அணிவதும் அணியாமையும் அவரவர் விருப்பம் என்பதே அதன் சிறப்பு. மானிப்பாயில் ஆசிரியர் விரும்பியது, பிலடெல்பியாவில் மாணவியே முடிவு செய்தது, சிங்கப்பூரில் நெறியாகவே அமைந்தது என்று இவ்வரலாற்றைச் சுருக்கிக் கூறலாம்.

மாணவர்க்கு ஒரு வழி

இவ்வரலாற்றிலிருந்து நேர்காணலுக்குச் செல்வோர் கொள்ளத்தக்க கருத்துகள் சில. முதலாவது தூய்மை. சுசுருதர் முதல் இன்றைய மருத்துவமனை வரை மாறாது நிற்பது இஃது ஒன்றே. வெளுத்து மடித்த பழைய சட்டை, கசங்கிய புதுக் கோட்டைவிட மேலானது. இரண்டாவது, கையும் காலும் தடையின்றி இயங்குதல். நிலையம் விட்டு நிலையம் நடக்க வேண்டிய நாளில் காலைக் கடிக்கும் புதுச் செருப்பும் கை நிறைந்த வளையலும் கவனத்தைச் சிதைக்கும். மூன்றாவது, எதிரே இருப்பவர் முதிய நோயாளி என்று எண்ணி உடுத்தல். அவர் அஞ்சாமல், கூசாமல் பேசத்தக்க தோற்றமே போதும்.

சேலை உடுத்தலாமா என்று கேட்கும் பெண்ணுக்கு ஆனந்திபாய் விடை கூறியுள்ளார். சேலையில் நடந்து பழகியவள் தாராளமாக உடுத்தலாம். பழகாதவள் அன்று மட்டும் அதைப் போர்வையாகச் சுற்றிக்கொள்வதில் பயனில்லை. கால்சட்டை அணிவதால் தமிழ்ப் பண்பு குன்றிவிடாது. சேலை உடுத்துவதால் அறிவு குறைந்து தோன்றாது. கடன் வாங்கிக் கோட்டுத் தைக்க எண்ணும் ஏழைப் பெற்றோர், அதைத் தவிர்த்து மகனின் பழைய வெள்ளைச் சட்டையைச் சலவை செய்து தருவதே போதுமானது.

கிறீன் அஞ்சியது உடையைப் பற்றி அன்று; கற்றவன் தன் மக்களை மறந்துவிடுவானோ என்பதைப் பற்றியே. அவ்வச்சம் இன்றும் பொருளுடையது. கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையிலோ தான் டொக் செங் மருத்துவமனையிலோ படுத்திருக்கும் தமிழ் மூதாட்டிக்குத் தன் நோவைத் தமிழில் கேட்டறியும் மருத்துவர் கிடைத்தால் பாதி நோய் தீரும். நேர்காணலில் ‘ஏன் மருத்துவம் பயில விரும்புகிறாய்?’ என்ற வினாவுக்கு அம்மூதாட்டியை மனத்திற்கொண்டு விடை கூறும் இளைஞன், எவ்வுடை உடுத்திருந்தாலும் பவணந்தியார் கூறிய தலை மாணாக்கரின் வரிசையில் இடம்பெறுவான்.